மூத்தவள் பௌதிகம் கேட்டாள், அப்பா வேண்டாம் என்றார்

போன ஓகஸ்ட் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு. கிளென் வேவர்லியில் எங்கட வீட்டு மேசையில் இடியப்பமும் சொதியும். பகல் முழுக்க மெல்பேர்ண் பல்கலைக்கழகத்தின் திறந்த நாளுக்குப் போய், பார்க்வில் வளாகத்தைச் சுற்றி நடந்த களைப்பு எனக்கு. மூத்தவள் இடியப்பத்தைப் பிய்த்தபடி சாதாரணமாகச் சொன்னாள்: "அம்மா, விடாக் ஃபோமில நான் சயன்ஸைத்தான் முதலாவதாப் போடப் போறன். ஃபிசிக்ஸ். மெடிசின் ரெண்டாவது."

கணவர் என்னைப் பார்த்தார். நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா கையிலிருந்த சொதிக் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"வேண்டாம் பிள்ளை," என்றார். அவ்வளவுதான். பிறகு கை கழுவ எழும்பிப் போய்விட்டார்.

வேறு ஆராவது சொல்லியிருந்தால் நான் இவ்வளவு யோசித்திருக்க மாட்டேன். என்ர அப்பா யாழ்ப்பாணத்தில் 1974 முதல் 14 வருடம் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பித்தவர். 1988 இல் இஞ்ச வந்தோம். எனக்கு அப்ப ஆறு வயது. வந்த பிறகு அவர் ஒரு நாளும் வகுப்பறைக்குள் நிற்கவில்லை. டண்டினோங் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை, ஓய்வு பெறும் வரைக்கும். அந்தக் கதையை எங்கட வீட்டில் நாங்கள் அதிகம் கதைக்கிறதில்லை. உங்களில் கன பேருடைய வீட்டிலும் இப்படி ஒரு அப்பாவோ மாமாவோ இருப்பார். ஆகவே நீட்டிச் சொல்லத் தேவையில்லை.

எனக்குப் பிரச்சினை என்னவென்றால், நான் இரண்டு பக்கத்தையும் மொழிபெயர்க்கிற ஆள். மகளின் பௌதிகம் முழுக்க ஆங்கிலம். அப்பாவின் பௌதிகம் முழுக்கத் தமிழ்: இலத்திரன், திணிவு, துணிக்கை, ஏற்றம், வழு. நான் படித்தது கணக்கியல். எனக்கு இரண்டும் அரைகுறை. ஆனாலும் இவள் எதைக் கண்டு இப்படி மயங்கிப் போனாள் என்று விளங்கிக்கொள்ளாமல் அப்பாவோடு கதைக்க ஏலாது. அடுத்த சில கிழமைகளில் நான் படித்ததையும் கேட்டதையும்தான் இங்கே எழுதுகிறேன். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை உள்ள வீடுகளுக்கு இது உதவலாம்.

மூன்று சகோதரங்கள்

திறந்த நாளில் பௌதிகத் துறையின் மேசையில் ஒரு ஆராய்ச்சி மாணவி நின்றாள். இந்த மேசையை நாங்கள் கடந்து போக வேண்டும், அவ்வளவுதான் என்ர திட்டம். மகள் முக்கால் மணித்தியாலம் நின்றாள். கதை எல்லாம் ஒரே ஒரு துணிக்கையைப் பற்றி: டௌ.

இலத்திரனை எல்லாருக்கும் தெரியும். மின்சாரம் என்றால் அதுதான். 1936 இல் அண்டவெளியிலிருந்து வரும் கதிர்களில் இலத்திரனைப் போலவே ஒரு துணிக்கை தெரியவந்தது. அதே ஏற்றம், அதே குணம், ஆனால் 207 மடங்கு திணிவு. அதற்குப் பேர் மியூவோன். அது ஏன் இருக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. "இதை ஆர் ஓடர் பண்ணினது?" என்று ஐ. ஐ. ராபி என்ற விஞ்ஞானி கேட்டதாகச் சொல்லுவார்கள்.

பிறகு 1975 இல் அமெரிக்காவில், கலிபோர்னியாவின் ஸ்லாக் ஆய்வகத்தில், மார்ட்டின் பேர்ல் குழுவினர் மூன்றாவதையும் கண்டார்கள். இலத்திரனைப் போல ஏறத்தாழ 3,477 மடங்கு திணிவு. ஒரு புரோத்தனைப் போல இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் குறைவு. கிரேக்கத்தில் மூன்றாவது என்ற சொல்லின் முதல் எழுத்தை எடுத்து டௌ என்று பேர் வைத்தார்கள். பேர்லுக்கு அதற்காக 1995 இல் நோபெல் பரிசு கிடைத்தது.

ஆக, ஒரே குடும்பத்தில் மூன்று சகோதரங்கள். மூத்தது இலத்திரன், அதற்குச் சாவே இல்லை. நடுவில் மியூவோன், சராசரியாக ஒரு செக்கனின் பத்து இலட்சத்தில் 2.2 பங்கு உயிரோடு இருக்கும். கடைக்குட்டி டௌ, 290 ஃபெம்டோ செக்கன். ஒரு செக்கனைப் பத்துக் கோடி கோடி பங்காகப் பிரித்தால் ஒரு பங்குதான் ஃபெம்டோ செக்கன். அப்படி 290. அந்த நேரத்தில் ஒளிகூட ஒரு மில்லிமீற்றரின் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாது.

எனக்கும் மூன்று பிள்ளைகள். "மூன்றாவது தான் ஆகப் பாரம், ஆகக் கெதியா வெடிக்கும்," என்று கடைக்குட்டியைப் பார்த்து மூத்தவள் சொன்னாள். அவன் அக்காவின் காலில் ஒரு உதை விட்டான்.

அஞ்சு கிராம் வழு

இந்த டௌவை எங்கே பிடிப்பது? ஜப்பானில், தோக்கியோவிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீற்றர் தள்ளி, சுக்குபா என்ற ஊரில் கெக் ஆய்வகம் இருக்கிறது. நிலத்துக்குக் கீழே 3 கிலோமீற்றர் சுற்றளவில் ஒரு வளையம். ஒரு திசையில் 7 ஜிகா இலத்திரன்வோல்ட் சக்தியோடு இலத்திரன்கள் ஓடும். மற்றத் திசையில் 4 ஜிகாவோடு பொசித்திரன்கள், அதாவது இலத்திரனின் எதிர்த்துணிக்கைகள். இரண்டும் மோதுகிற இடத்தில் பெல் 2 என்ற கருவி. 2018 ஏப்ரலில் முதல் மோதல் நடந்தது. மோதும் சக்தியிலிருந்து சில வேளை ஒரு டௌவும் ஒரு எதிர் டௌவும் சோடியாகப் பிறக்கும். பிறந்து, கால் மில்லிமீற்றர் ஓடி, அழிந்துவிடும். இரண்டு மூன்று தலைமயிரின் தடிப்பு, அவ்வளவுதான் அதன் ஆயுளில் ஓடுகிற தூரம்.

அந்தக் கால் மில்லிமீற்றரைப் பார்க்க, மோதும் இடத்தைச் சுற்றி ஆறு அடுக்காகச் சிலிக்கன் தகடுகள் வைத்திருக்கிறார்கள். உள்ளிருந்து எண்ணினால் மூன்றாவது அடுக்கு மெல்பேர்ணில் பொருத்தியது. எங்கட பார்க்வில் வளாகத்து ஆட்கள். ஏணி மாதிரி ஏழு சட்டங்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு சிலிக்கன் உணரிகள். அதற்கு வெளியே நான்காவது அடுக்கு, மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்துக் குழுவின் வேலை. மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் இடையில் வெறும் நாலு சென்றிமீற்றர். சென்னை ஐ.ஐ.டி.யும் இந்தக் கூட்டில் இருக்கிறது. அவுஸ்திரேலியாவும் இந்தியாவும் கிரிக்கெட் மைதானத்தில் மட்டும் சந்திக்கிறது இல்லை என்று அண்டைக்குத்தான் எனக்குத் தெரியும்.

சரி, அழிந்து போனதை எப்படி நிறுப்பது? டௌ உடையும்போது வருகிற துண்டுகளை எல்லாம் சேர்த்துக் கூட்டிப் பார்க்க வேண்டும். ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரு நியூட்ரினோ களவாகத் தப்பி ஓடிவிடும். தமிழ்நாட்டில் தேனிப் பக்கம் ஆய்வகம் கட்டலாமா கூடாதா என்று கன வருடம் இழுபட்டதே, அதே நியூட்ரினோதான். அது எதிலும் அகப்படாமல் கருவிக்கு வெளியே போய்விடும். மிஞ்சுவது மூன்று பயோன்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவற்றின் சக்தியையும் திசையையும் அளந்து கணக்குப் போட்டால், டௌவின் திணிவு குறைந்தது இவ்வளவாவது இருக்க வேண்டும் என்று ஒரு எண் வரும். ஒன்றை வைத்து ஒன்றும் சொல்ல ஏலாது. கோடிக்கணக்கில் சேர்த்து வரைபடம் போட்டால், வளைகோடு ஒரு இடத்தில் திடீரென்று விழும். அந்த விளிம்புதான் டௌவின் திணிவு.

2023 இல் பெல் 2 வெளியிட்ட விடை: 1777.09 மெகா இலத்திரன்வோல்ட். 17 கோடியே 50 இலட்சம் டௌ சோடிகள் பிறந்த தரவிலிருந்து எடுத்தது. எல்லா வழுவையும் சேர்த்தால் 0.14 அளவு. ஒரு தனிப் பரிசோதனை இதுவரை செய்ததில் இதுதான் ஆகத் திருத்தமானது. எனக்கு விளங்குகிற மாதிரிச் சொன்னால், 60 கிலோ உள்ள ஒரு ஆளை நிறுத்துவிட்டு, வழு ஐந்து கிராமுக்குள் என்று சொல்லுகிற மாதிரி. ஒரு தேக்கரண்டி சீனி.

இது தூரத்து விசயம் இல்லை

மகளுக்காக இதைத் தேடும்போதுதான் எங்களைச் சுற்றி என்ன இருக்கிறது என்று கண்டேன். வீட்டிலிருந்து காரில் பத்து, பதினைந்து நிமிடம் போனால் கிளேட்டனில், பிளாக்பேர்ன் றோட்டில், அவுஸ்திரேலிய சின்குரோத்திரன். 216 மீற்றர் சுற்றளவான வளையத்தில் 3 ஜிகா இலத்திரன்வோல்ட் சக்தியோடு இலத்திரன்கள் சுற்றுகின்றன. அங்கே மோதல் இல்லை, இலத்திரன்கள் வளையும்போது விடுகிற ஒளியைத்தான் பாவிக்கிறார்கள். மருத்துவப் படம் எடுக்கிற ஆராய்ச்சிக்கென்று ஒரு தனிக் கதிர்வழியே இருக்கிறது. நான் 2007 இல் இருந்து அந்தப் பக்கத்தால் கார் ஓட்டுகிறேன். ஏதோ விளையாட்டரங்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்தில் மொனாஷ் பல்கலைக்கழகம். துணிக்கை மோதல்களைக் கணினியில் போலச்செய்து பார்க்க உலகம் முழுக்கப் பாவிக்கிற பித்தியா என்ற மென்பொருளை உருவாக்குகிறவர்களில் ஒருவரான பீற்றர் ஸ்காண்ட்ஸ் அங்கே பேராசிரியர். அந்த மென்பொருளின் ஒரு அமைப்புக்குப் பேரே 'மொனாஷ் 2013'. ஜெனிவாவில் இருக்கிறவர்களும் அந்தப் பேரைச் சொல்லித்தான் வேலை செய்கிறார்கள்.

2012 ஜூலை 4 ஆம் திகதி ஹிக்ஸ் துணிக்கையை அறிவித்ததும் எங்கட ஊரோடு சேர்ந்துதான். சர்வதேச மாநாடு மெல்பேர்ணில் நடந்தபடியால் செர்ன் மண்டபத்திலிருந்து இங்கே நேரடியாக இணைத்தார்கள். அப்ப இங்கே பின்னேரம் ஐந்து மணி. மூத்தவளுக்கு நாலு வயது. நான் அந்த நேரம் குழந்தைகள் காப்பகத்துக்கு ஓடிக்கொண்டிருந்திருப்பேன். பிறகு அந்த ஹிக்ஸ் இரண்டு டௌவாக உடைவதையும் கண்டு உறுதிப்படுத்தினார்கள். இலத்திரன் குடும்பத்துக்கும் ஹிக்ஸே திணிவு கொடுக்கிறது என்பதற்கு அது முதல் நேரடிச் சாட்சி.

எத்தினை வருசம், என்ன வேலை?

இவ்வளவும் நல்லது. ஆனால் நான் அம்மா. செப்டம்பர் முடிவுக்குள் விடாக் விண்ணப்பம் போக வேண்டும். அப்பா கேட்டதும் நியாயமான கேள்விகள்தான்: எத்தினை வருசம்? முடிச்சால் ஆர் வேலை குடுப்பான்?

நான் விசாரித்ததை ஒளிக்காமல் சொல்லுகிறேன். மெல்பேர்ணில் விஞ்ஞானப் பட்டம் மூன்று வருடம், அதற்கு மேல் முதுமாணி இரண்டு வருடம், பிறகு கலாநிதிப் பட்டத்துக்கு மூன்றரை, நாலு வருடம். அதற்குப் பிறகும் நிரந்தரப் பல்கலைக்கழக வேலை எல்லாருக்கும் கிடைக்காது. கனபேர் வெளியே போகிறார்கள். தரவு, வங்கி, மருத்துவக் கதிரியல், மென்பொருள் என்று போகிற இடங்கள் இருக்கின்றன. கோடிக்கணக்கான மோதலுக்குள் ஒரு கால் மில்லிமீற்றரைத் தேடிப் பழகிய பிள்ளைக்கு வேலை இல்லாமல் போகாது என்று நான் நம்புகிறேன். ஆனால் எழுதித் தர ஒருவரும் இல்லை.

இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். பள்ளிக்கூடம் முடித்து நேரே மருத்துவத்துக்குப் போக மொனாஷில் வழி உண்டு. அதற்குத்தான் யூகாட் பரீட்சை, நேர்முகம் எல்லாம். மெல்பேர்ண் பல்கலைக்கழகத்தில் மருத்துவமே முதல் பட்டத்துக்குப் பிறகுதான். ஆக, விஞ்ஞானம் எடுத்தால் மருத்துவக் கதவு அடைபட்டுப் போச்சு என்று எங்கட ஆட்கள் கலியாண வீடுகளில் சொல்லுவது சரியில்லை. கஷ்டம், ஆனால் திறந்துதான் இருக்கிறது.

இதை எல்லாம் அப்பாவிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தார். "ஓம்" என்றார். மனம் மாறவில்லை என்று முகத்தில் தெரிந்தது.

காரேஜில் ஒரு முகில்

பாடசாலை விடுமுறையில் மூத்தவள் தம்பிமாருக்கு முகில் அறை ஒன்று செய்து காட்டுவதாகச் சொன்னாள். வீட்டில் செய்யக்கூடியது, பிள்ளைகளோடு நீங்களும் செய்து பாருங்கோ.

ஒரு சின்னக் கண்ணாடி மீன்தொட்டி. அதன் அடியில் உள்பக்கமாகத் தடித்த ஃபெல்ட் துணியை ஒட்டி, செறிவான ஐசோபுரோப்பைல் அற்ககோலில் நன்றாக நனைக்க வேண்டும். மருந்துக்கடையில் கிடைக்கிற 70 வீதம் காணாது. கறுப்பு நிற உலோகத் தட்டு ஒன்றை உலர் பனிக்கட்டிக்கு மேல் வைத்து, தொட்டியைக் கவிழ்த்து அதன் மேல் வைத்து, விளிம்பை அடைத்துவிட வேண்டும். விளக்கை அணைத்து, பக்கத்திலிருந்து டோர்ச் அடித்து, பத்து பதினைந்து நிமிடம் பொறுமை. உலர் பனிக்கட்டியை வெறுங்கையால் தொடக்கூடாது, தடித்த கையுறை வேண்டும். மூடிய பெட்டிக்குள் அடைத்து வைக்கக்கூடாது. காரேஜ் கதவு திறந்திருக்க வேண்டும். அற்ககோல் பக்கத்தில் நெருப்பு கூடவே கூடாது.

அப்பாவைக் கூப்பிட்டது கடைக்குட்டிதான். "அம்மப்பா, வாங்கோ, ஸ்பேஸில இருந்து வாறதைக் காட்டுறன்." அப்பா ஒரு கதிரையைக் கொண்டுவந்து போட்டு இருந்தார்.

முதலில் வெறும் தூறல் மாதிரி. பிறகு தட்டுக்கு மேலே ஒரு வெள்ளைக் கோடு, நூல் மாதிரி நேராக, இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம். ஒரு கணம் நின்று கரைந்தது. பிறகு இன்னொன்று. கட்டையாகத் தடிப்பாக வருவது அல்பாத் துணிக்கை, வளைந்து நெளிந்து போவது வலு குறைந்த இலத்திரன், நேராக நீளமாக வருவது பெரும்பாலும் மியூவோன் என்று மகள் ஆங்கிலத்தில் சொல்ல, நான் தமிழில் சொன்னேன். அப்பா கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

"எனக்குத் தெரியும்," என்றார்.

பிறகு அவரே சொல்லத் தொடங்கினார். வில்சன் என்பவர் இதைக் கண்டுபிடித்தது, அதற்கு 1927 இல் நோபெல் பரிசு கிடைத்தது. மியூவோன் ஏறத்தாழ 15 கிலோமீற்றர் உயரத்தில் பிறக்கிறது. அதன் ஆயுளுக்கு ஒளியின் வேகத்தில் ஓடினாலும் 660 மீற்றர்தான் போக வேண்டும். ஆனால் ஐன்ஸ்டைன் சொன்ன மாதிரி, வேகமாக ஓடுகிறதுக்கு நேரம் மெதுவாகப் போகிறபடியால், எங்கட காரேஜ் வரைக்கும் வந்து சேருகிறது. "கையை விரிச்சுப் பிடி," என்று கடைக்குட்டியிடம் சொன்னார். "ஒரு செக்கனுக்கு ஒண்டு கணக்கில உன்ர உள்ளங்கையுக்குள்ளால போகுது." அவன் கையைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"அம்மப்பா, நீங்கள் இதை ஸ்கூலில செய்து காட்டினனீங்களோ?" என்று மூத்தவள் தன்ர உடைந்த தமிழில் கேட்டாள்.

"இல்லை பிள்ளை. எங்களிட்ட இருக்கேல்லை. கரும்பலகையில கீறிக் காட்டுவன்." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "பதினாலு வருசம் கீறினனான். இண்டைக்குத்தான் காணுறன்."

ரசீதின் பின்பக்கத்தில் ஒரு கணக்கு

அன்று இரவு இருவரும் மேசையில் இருந்தார்கள். மகள் டௌவைப் பற்றிச் சொல்ல, அப்பாவுக்குக் கோபம் மாதிரி ஒன்று. "நான் படிப்பிக்கத் தொடங்கின அடுத்த வருசம் கண்டுபிடிச்சிருக்கிறாங்கள். எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை."

இவ்வளவு திருத்தமாக அளந்து என்ன பலன் என்று நான் கேட்டேன். அதற்கு மகள் சொன்ன பதில் இது. இந்த மூன்று சகோதரங்களையும் இயற்கை ஒரே மாதிரி நடத்துகிறதா, அல்லது ஒன்றுக்கு மட்டும் ஓரவஞ்சனை செய்கிறதா? திணிவில் உள்ள வித்தியாசத்தைக் கழித்துவிட்டால், மிச்சம் எல்லாம் சமமாக இருக்க வேண்டும் என்பது கோட்பாடு. சமம் இல்லை என்றால், எங்களுக்குத் தெரியாத ஏதோ ஒன்று உள்ளே இருக்கிறது.

அதைச் சரிபார்க்கிற கணக்கு ஒரு ரசீதின் பின்பக்கத்தில் அடங்கும். உடைகிற வேகம் திணிவின் ஐந்தாம் அடுக்கோடு கூடும். டௌ மியூவோனைப் போல 16.82 மடங்கு. அதை ஐந்து முறை பெருக்கினால் ஏறத்தாழ 13 இலட்சத்து 45 ஆயிரம். மியூவோனின் ஆயுளை அதால் பிரிக்க வேண்டும். டௌ இலத்திரனாக உடைவது நூற்றுக்கு 17.8 தடவைதான் என்பதால், வருகிற விடையின் 17.8 வீதத்தை எடுக்க வேண்டும். அப்பா பேனையை எடுத்து, கல்குலேற்றர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மெதுவாகப் போட்டார். விடை: 290 ஃபெம்டோ செக்கன்.

"எவ்வளவு அளந்திருக்கினம்?" என்று கேட்டார்.

"290," என்றாள் மகள்.

எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அப்பாவின் முகத்தில் அந்தச் சிரிப்பைக் கண்டேன்.

பிறகு மகள் இன்னொரு கதை சொன்னாள். 1990களின் தொடக்கத்தில் இந்தக் கணக்கு சரிவரவில்லை. அப்ப டௌவின் திணிவு 1784 என்று எடுத்திருந்தார்கள். அதை வைத்துப் போட்டால் ஆயுள் 285 பக்கம் வரும். ஆனால் அன்று அளந்த ஆயுள் 300 ஐத் தாண்டி நின்றது. மூன்றாவது பிள்ளைக்கு ஏதோ ஓரவஞ்சனை நடக்கிறது என்று சிலர் யோசிக்கத் தொடங்கிவிட்டார்கள். 1992 இல் சீனாவில், பீஜிங்கில் இருந்த பெஸ் பரிசோதனையில் திணிவைத் திரும்ப அளந்தார்கள். 1776.9 வந்தது. பழைய எண் ஏழு அலகு கூட. ஆயுளையும் புதுக் கருவிகளால் அளந்தபோது அதுவும் 290 பக்கம் இறங்கி வந்தது. ஓரவஞ்சனை ஒன்றும் இல்லை, அளவீட்டில்தான் பிழை.

இன்றைக்கும் தேடல் நிற்கவில்லை. 2024 இல் பெல் 2, டௌ மியூவோனாக உடைவதையும் இலத்திரனாக உடைவதையும் ஒப்பிட்டு, நூற்றுக்கு அரைக்கும் குறைவான வழுவோடு வெளியிட்டது. கோட்பாட்டோடு ஒத்துப்போகிறது. ஆனால் பி மேசன் என்ற வேறொரு துணிக்கை உடையும்போது டௌ எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக வருகிற மாதிரி, 2012 இல் அமெரிக்காவின் பாபார் பரிசோதனை தொடங்கிப் பல இடங்களில் ஒரு சாடை தெரிகிறது. உறுதி என்று சொல்லப் போதாது. விட்டுவிடவும் ஏலாது. மேலும் அளக்க வேண்டும். மகள் போக விரும்புகிற இடம் அதுதான்.

அப்பா ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் சொன்னார், அவளிடம் இல்லை:

"அண்டைக்கு வேண்டாமெண்டு சொன்னன். பௌதிகம் படிச்சவனுக்கு என்ன நடக்குமெண்டு எனக்குத் தெரியுமெண்டு நினைச்சன். என்னட்ட இருந்தது ஒரே ஒரு அளவீடு. என்ர. அதுவும் சண்டைக்குள்ள எடுத்தது. வழு எவ்வளவெண்டே தெரியாது."

நான் ஒன்றும் சொல்லவில்லை. மகளுக்கு முழுக்க விளங்கியதோ தெரியாது. "அளவீடு" என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு, "மெஷர்மென்ட்?" என்று கேட்டாள். "ஓம்" என்றார் அப்பா.

விடாக் விண்ணப்பம் போய்விட்டது. விஞ்ஞானம் முதலாவது, மருத்துவம் இரண்டாவது. அந்த வரிசையில்தான். ஏட்டார் வந்த பிறகு மாற்ற இன்னொரு வாய்ப்பு இருக்கிறது; மாற்றுவாளோ தெரியாது. எனக்குப் பயம் போய்விட்டது என்று சொன்னால் பொய். ஒவ்வொரு சனிக்கிழமையும் பின்னேரம் இப்ப அப்பாவும் அவளும் ஒரு மணித்தியாலம் பௌதிகம் செய்கிறார்கள். அவர் தமிழில் சொல்ல அவள் ஆங்கிலத்தில் எழுதுகிறாள். அந்த நேரம் மொழிபெயர்க்க என்னைக் கூப்பிடுவதில்லை. நான் தேத்தண்ணி மட்டும் போட்டுக் கொண்டுபோய் வைக்கிறேன்.